ஓடிய அன்றே எடுக்கும் சிறுநீரை வைத்து அன்ஃபிட் போடாதீர்கள்

ஆள்சேர்ப்பு முகாமின் மருத்துவக் குழு அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் மைதானத்தில் பையன்களை ராணுவத் தேர்வுக்குத் தயார்செய்கிறவன் நான். போன முகாமில் எங்கள் பையன் ஒருவனுக்கு 'சிறுநீரில் அல்புமின்', அதாவது ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம் சிறுநீரில் இருக்கிறது என்று எழுதி அன்ஃபிட் போட்டீர்கள். விடியற்காலையில் 1,600 மீட்டரை உயிரைக் கொடுத்து ஓடி, பீமில் தொங்கி புல்-அப்ஸும் முடித்தவன் அவன். மதியத்துக்குள் அவன் கையில் சிறுநீர்க் குப்பியைக் கொடுத்துவிட்டீர்கள்.

கடும் ஓட்டத்துக்குப் பின் சிறுநீரில் புரதம் இறங்கும் என்று டாக்டர்களான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மன் மருத்துவர் லாய்பே 1878-லேயே இதைக் கண்டு எழுதினார். யாரிடம் கண்டார்? அணிவகுத்து நடந்துவந்த சிப்பாய்களிடம். உச்ச வேகத்தில் ஓடும்போது ரத்தமெல்லாம் காலுக்குப் போய், சிறுநீரகத்துக்கு வருவது கால் பங்காகக்கூடக் குறையும். வடிகட்டியில் கசிவு கூடும். கசிந்ததைத் திரும்ப உறிஞ்சும் நுண்குழாய்களும் திணறும். எவ்வளவு நேரம் ஓடினான் என்பதைவிட எவ்வளவு கடுமையாக ஓடினான் என்பதுதான் இதில் கணக்கு. ஆக, முன்னால் வந்தவனுக்கே, சிறுநீரில் முக்கும் சோதனைப் பட்டையில் ப்ளஸ், அதாவது 'புரதம் இருக்கிறது' என்ற முடிவு, விழ வாய்ப்பு அதிகம். ஒன்றிரண்டு நாள் ஓய்வெடுத்தால் தானாகவே சரியாகிவிடும்.

இது அவன் வீட்டுக்கு எப்படித் தெரியும்? ஊருக்குள் 'கிட்னி போச்சாம்' என்று பேச்சு கிளம்பிவிட்டது. அம்மா சாப்பாட்டில் உப்பைக் குறைத்தார், முட்டையை நிறுத்தினார், தினமும் வாழைத்தண்டுச் சாறு. அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, இது குடும்ப வியாதியா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பிறகு வெளியே ஒரு லேபில், காலையில் எழுந்ததும் பிடித்த முதல் சிறுநீரைக் கொடுத்தான். எல்லாம் நார்மல். ஆனாலும் ஓட பயப்படுகிறான். அடுத்த முகாமுக்குள் வயது வரம்பைத் தாண்டிவிடுவான்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். ஓடிய அன்று சிறுநீர் எடுக்காதீர்கள். இரண்டு நாள் விட்டு, காலை முதல் சிறுநீரைச் சோதியுங்கள். அப்போதும் ப்ளஸ் வந்தால் சிறுநீர் கெட்டியா நீர்த்ததா என்பதையும் கணக்கில் எடுத்துப் புரதத்தை அளக்கும் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் பார்த்து முடிவு செய்யுங்கள். உண்மையிலேயே சிறுநீரகக் கோளாறு உள்ளவனை எடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அது சரி, முந்தின ராத்திரி முழுக்க மைதானத்து வாசலில் தரையில் படுக்கவைக்கிறீர்களே, குடிக்கத் தண்ணீர் எங்கே? கழிப்பறை எங்கே? தண்ணீர் குடிக்காதவனின் சிறுநீர் கெட்டியாக இருக்கும், அதிலும் பட்டை நிறம் மாறும். இன்னொன்று. தேர்வானவர்களை நாளைக்கு லடாக்கின் லே பக்கம் அனுப்புவீர்கள். 3,500 மீட்டர் உயரம். மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கீழே கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அந்த ஆக்சிஜன் குறைவிலேயே, ஓடாதவனுக்கும் சிறுநீரில் புரதம் கூடலாம். அங்கேயும் குப்பியை நீட்டி, எல்லையில் நிற்பவர்களை வீட்டுக்கு அனுப்புவீர்களா?

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பையனுக்கு மறு பரிசோதனைக்கு ஒரு தேதி கொடுங்கள். அடுத்த முகாமிலிருந்து ஓட்டத்துக்கும் சிறுநீர்ச் சோதனைக்கும் நடுவே இரண்டு நாள் இடைவெளி விடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஓட்டப் பயிற்சியாளர்