அக்குளில் எத்தனை நெறி எடுப்பது

அம்மணிக்கு,

நேற்று போனில் நீ அழ ஆரம்பித்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். என் மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்யும்போது, அக்குளில் இருக்கிற நெறியெல்லாம் (நிணநீர் முடிச்சுகளைத்தான் சொல்கிறேன்) ஒன்று விடாமல் எடுக்கச் சொல்லுங்கம்மா என்கிறாய். உன் பயம் தெரிகிறது கண்ணு. ஆனால் டாக்டரம்மாவிடம் நான் சில நெறி மட்டும் முதலில் எடுத்துப் பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

கீமோவுக்கு முன்னால் ஊசி போட்டு எடுத்துப் பார்த்தபோது நெறியில் நோய் இருந்தது. அப்போதே அதற்குள் எள்ளளவு கிளிப் ஒன்றை வைத்துவிட்டார்கள். கீமோவில் சுருங்கிப்போனால் எது கெட்ட நெறி என்று பிறகு கண்டுபிடிக்க முடியாதாம். இப்போது தடவினால் ஒன்றும் தட்டுப்படவில்லை. ஸ்கேனிலும் சின்னதாகத்தான் தெரிகிறது. ஆனாலும் உள்ளே ஒரு செல்கூட மிச்சமில்லை என்று ஸ்கேனை வைத்துச் சொல்ல முடியாது, எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் உண்டு.

ஆபரேஷன் அன்று மார்பில் நீலச் சாயமும் துளி கதிர்வீச்சு மருந்தும் போடுவார்கள். மார்பிலிருந்து வடிகிற நிணநீர் முதலில் எந்த நெறிகளுக்குப் போகிறதோ, அங்கே இவையும் போய்ச் சேரும். நீலமேறியது, கருவி காட்டிக்கொடுப்பது, கிளிப் இருப்பது, இவற்றை மட்டும் எடுத்து உடனே பரிசோதனைக்கு அனுப்புவார்கள். (சாயத்தால் சிறுநீர் பச்சையாகப் போகுமாம். அப்பாவிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன், இல்லாவிட்டால் பதறிவிடுவார்.)

கீமோவுக்குப் பிறகு இப்படிச் சில நெறி மட்டும் எடுத்துப் பார்ப்பது பற்றி நீ அனுப்பிய 2013 அமெரிக்க ஆய்வை, அந்த இசட் 1071-ஐ, பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். 12.6 சதவீதம் பேருக்கு நோய் இருந்தும் இந்தப் பரிசோதனையில் சிக்காமல் தப்பிவிடுகிறது என்று கோடு போட்டிருந்தாயே, அது ஆபரேஷன் செய்துகொண்ட எல்லாருக்குமான கணக்கு இல்லை. கீமோ முடிந்தும் நெறியில் நோய் மிச்சமிருந்தவர்களை மட்டும் வைத்துப் போட்டது. நூற்றுக்கு 41 பேருக்கு நெறி சுத்தமாகவே ஆகிவிட்டிருந்தது, அதையும் பார். மூன்று நெறியாவது எடுத்துப் பார்த்தவர்களிடம் தப்பியது 9.1 சதவீதம். எடுத்த நெறிகளில் கிளிப் வைத்த நெறியும் இருந்துவிட்டால் 6.8தான். 2016-இல் அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மருத்துவமனைக்காரர்கள் சாயமும் கருவியும் காட்டுகிற நெறிகளோடு கிளிப் நெறியையும் குறிவைத்தே எடுத்துப் பார்த்து, 2 சதவீதம் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்குச் செய்யப்போவது இந்த முறைதான்.

எல்லாவற்றையும் வழித்தெடுத்தால் பாதுகாப்பு என்று நினைக்கிறாய். அப்படி எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்கிவிடுகிறது. சில நெறி மட்டும் எடுத்தவர்களில் இருபதில் ஒருவருக்குத்தான். எனக்கு வந்திருப்பது வலது பக்கம். பிளவுஸ் வெட்டும்போது கத்தரி பிடிக்கிற கை அது. அந்த வீக்கம் வந்தால் லேசில் போகாது, வருஷக்கணக்கில் இறுக்கமான உறை மாட்டிக்கொண்டு இருக்க வேண்டும். கீமோவில் நகமெல்லாம் கறுத்து, விரல் நுனி மரத்து, இப்போதுதான் ஊசியில் நூல் கோக்க முடிகிறது. அவசியமில்லாமல் அந்தக் கையைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை அம்மணி.

பரிசோதனையில் நோய் மிச்சமிருக்கிறது என்று வந்தால் மீதியையும் எடுத்துவிடட்டும். அதற்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

முழு ரிப்போர்ட் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம் என்றார்கள். இப்போதே டிக்கெட் போடாதே. ரேடியேஷன் ஆரம்பிக்கிற தேதி தெரிந்ததும் சொல்கிறேன், அப்போது லீவு எடுத்துக்கொண்டு வா. அந்த வாரங்களில்தான் நீ பக்கத்தில் இருக்க வேண்டும் எனக்கு.

அன்புடன்,
அம்மா