வேலையை விடுவதற்கு முன்

மன்னார்குடி

அன்புள்ள செல்விக்கு,

பாப்பாவுக்காக வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். குழந்தைகள் காப்பகத்துக்குக் கட்டுவதை உன் சம்பளத்தில் கழித்தால் மிச்சமே இல்லை என்கிறாய். அதென்ன, உன் சம்பளத்தில் மட்டும் கழிக்கிறாய்? மாப்பிள்ளைக்கும் அது பிள்ளைதானே. இரண்டு சம்பளத்தையும் கூட்டி, அதில் கழி. இந்த இரண்டு மூன்று வருஷத்தோடு கணக்கை முடித்துவிடாதே. இடையில் விட்டவர்களுக்கு அதே சம்பளத்தில் மறுபடி வேலை கிடைப்பது கஷ்டம்.

1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தபோது 2 வயதுப் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் தொடங்கினார். அந்தச் சின்னப் பிள்ளைகளுக்கான பால்வாடி என்றால் சோறும் முட்டையும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அங்கே வேலை பார்த்த எனக்கு ஞாபகம் வருவது அக்காக்காரிகள். அம்மா நடவுக்கோ களையெடுக்கவோ போனால், தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டில் கிடந்த பெண்கள் அவர்கள். அவனை எங்களிடம் விட்ட பிறகுதான் பள்ளிக்கூடத்தை மிதித்தார்கள். சின்னவனை ஒருத்தி பார்த்துக்கொண்டால் அம்மாவுக்குக் கூலி, அக்காவுக்குப் படிப்பு. இதை யார் கணக்கில் எழுதினார்கள்?

இடம் பார்க்கும்போது ஏசி, கேமரா, சுவரில் வரைந்த பொம்மை இதிலெல்லாம் மயங்காதே. ஒரு ஆயாவுக்கு எத்தனை பிள்ளை, அவள் எவ்வளவு நாளாக இருக்கிறாள், என்ன சம்பளம் என்று கேள். முகத்தைச் சுளிப்பார்கள், பரவாயில்லை. அடிக்கடி ஆள் மாறுகிற இடத்தில் பிள்ளை யாரிடமும் ஒட்டாது. பாப்பாவுக்குப் பேச்சு வரும் வயசு. அது மழலையில் ஏதாவது சொன்னால் பதில் பேச ஒருத்தி வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் மத்தியானம் போய் நில். தூங்கி எழுந்து அழுகிற பிள்ளையை யார் தூக்குகிறார்கள், எவ்வளவு நேரம் கழித்துத் தூக்குகிறார்கள் என்று பார்.

நல்ல இடமாகப் பட்டால் பேரம் பேசாதே. நீ குறைக்கிற காசு அந்த ஆயாவின் சம்பளத்தில்தான் விழும். பிள்ளை வளர்க்கிறவர்களுக்குக் காசு கொடுக்க எல்லோருக்குமே கை வராது. அங்கன்வாடிக்காரர்களுக்கு, வேலையிலிருந்து போகும்போது கொடுக்கும் பணிக்கொடை உண்டென்று உச்ச நீதிமன்றம் சொல்லவே 2022 ஆனது!

உங்கள் ஆபீசையும் சும்மா விடாதே. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பக வசதி இருக்கவேண்டும், தாய் நாளைக்கு 4 முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்று 2017-லேயே மகப்பேறு சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். எச்.ஆரிடம் வாயால் கேட்காதே, எழுதிக் கேள். கைக்குழந்தைக்காரிகள் இன்னும் யாராவது இருந்தால் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள்.

இதை மாப்பிள்ளையும் படிக்கட்டும். இடம் பார்க்க அவரையும் கூட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா