மேல் ஸ்தாயியில் மெல்ல ஊத

தருமபுரி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கண்ணு,

கிளாரினெட்டில் மேல் ஸ்தாயிக்கு, அதாவது உச்சச் சுரங்களுக்குப் போய்ச் சத்தத்தைக் குறைத்தால் சுரம் பிசிறடிக்கிறது, சில நேரம் வரவே மாட்டேன் என்கிறது என்று சொன்னாய். போனில் சொன்னால் பாதிதான் புரியும், அதனால் எழுதுகிறேன்.

மெல்ல ஊது என்றதும் எல்லாரும் காற்றைத் தளர்த்திவிடுகிறார்கள். அங்கேதான் சுரம் விழுகிறது. காற்றின் அளவு குறையலாம், வேகம் குறையக் கூடாது. ஓஸ் பைப்பின் வாயை விரலால் பாதி மூடினால் கொஞ்சத் தண்ணீரும் தூரமாய்ப் பாய்கிறது இல்லையா, அப்படி. அதற்கு நாக்கின் நடுப்பகுதியை 'ஈ' சொல்லும்போது இருக்கிற மாதிரி உயர்த்தி வை. வயிறு கெட்டியாக நிற்கட்டும். ஓங்கி ஊதுவதைவிட மெல்ல ஊதத்தான் வயிற்றில் அதிக பலம் வேண்டும், இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்.

அப்புறம், ஊதும்போது அதிர்கிற அந்த மெல்லிய நாணல் தகட்டை, ரீடை, பயத்தில் கடிக்காதே. கீழ் உதடு நெரித்தால் ரீடு அதிர இடமில்லாமல் சுரம் ஒடுங்கிப்போகும். வாயோரங்கள் மட்டும் இறுக்கமாக இருந்தால் போதும்.

நம் கருவியின் குணத்தையும் தெரிந்துகொள். புல்லாங்குழலிலும் நாகசுரத்திலும் ஊதல் கூடினால் அதே சுரம் அடுத்த ஸ்தாயியில் பேசும். கிளாரினெட் ஒரு முனை மூடிய நேர்குழாய் போல வேலை செய்வதால், இடது கட்டைவிரலால் திறக்கிற ரிஜிஸ்டர் கீயைத் திறந்தால் ஷட்ஜமம் (ச) மேல் ஸ்தாயி பஞ்சமமாகிவிடும் (ப). அதற்கும் மேலே போனால் அந்தர காந்தாரம் (க). இதை வைத்தே ஒரு சாதகப் பயிற்சி இருக்கிறது. இடது கைக் கட்டைவிரலும் அடுத்த மூன்று விரலும் மூடினால் வரும் சுரத்தை ஷட்ஜமமாக வைத்துக்கொள். அதில் நீளமாகக் கார்வை பிடி. நாக்குப் படாமல், காற்றை மாற்றாமல், ரிஜிஸ்டர் கீயை மட்டும் திற. பஞ்சமம் வந்ததும் அங்கேயும் நில். பிறகு ஆள்காட்டி விரலை வெடுக்கென்று தூக்காமல் மெதுவாக உருட்டித் துளையைப் பாதி திற, வலது சுண்டுவிரல் கீயையும் சேர்த்துக்கொள். காந்தாரம் தானாக மேலெழும். அது வருவதற்கு முன்பே உன் காதுக்குள் அந்தச் சுரம் ஒலிக்க வேண்டும், மனதில் பாடிக்கொண்டே போ. நாக்கால் தட்டி எழுப்புவதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

திருச்சி ஏ.கே.சி. நடராஜன் ஐயாவின் ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேள். கிளாரினெட்டைக் கர்நாடகக் கச்சேரி மேடையில் நிமிர்ந்து உட்காரவைத்தவர், 2022இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சுரத்துக்குச் சுரம் தாவாமல் இழைந்து போவதை மட்டும் கவனித்தாலே உனக்கு எவ்வளவோ கிடைக்கும்.

இங்கே மாரியம்மன் பண்டிகையில் ஊர்வலத்தோடு நடக்கும்போது தவிலையும் டிரம்மையும் தாண்டிக் கேட்க வேண்டும், அங்கே மென்மைக்கு வேலையில்லை. கல்யாண வீட்டில் ஊஞ்சல் நேரம் அப்படியல்ல. பெரியவர்கள் பாட்டை முணுமுணுக்கிற சத்தத்துக்கு மேல் நான் போகக் கூடாது. அதற்கென்றே நல்ல ரீடு ஒன்றை முதல் நாளே ஊதிப் பார்த்துத் தனியாக எடுத்துவைப்பேன். பேண்டு செட்டில் எனக்குப் பிடித்த வேளையே அதுதான் கண்ணு. அந்த ஊதல் உனக்கும் கைவர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ரீடு மெலிசாக இருந்தால் மேலே போகும்போது அடைத்துக்கொள்ளும், சுருதியும் இறங்கும். ரொம்பக் கெட்டி என்றால் வெறும் காற்றுச் சத்தம்தான் வரும். நீ எந்த நம்பர் போடுகிறாய் என்று எழுது. 2 என்றால் 2½ வாங்கிப் பார், எடுத்த எடுப்பில் 3க்குப் போகாதே. ஒரே ரீடைத் தினமும் அடித்துக்கொண்டிருக்காமல் மூன்று நான்கை மாற்றி மாற்றிப் போடு. வாங்குவதற்குப் பணம் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா