உங்க சித்தப்பா ட்ராக்டர்ல இருக்குறது யார் இன்ஜின்?

டேய் சேகர்,

எப்படிடா இருக்க, கோயம்புத்தூர்ல மழ உண்டா? இங்க பெரம்பூர்ல மெட்ரோ வேலைக்கு ரோட்ட அடைச்சு வச்சிருக்கான், பால் வாங்கப் போறதுக்கே ஊர சுத்திட்டுப் போகணும், இதுக்கு நடுவுல சின்னவளுக்கு வரன் பாக்குற அலைச்சல் வேற. போன ஞாயித்துக்கிழம வீட்ல சொல்லிட்டு ஊத்துக்கோட்டை கிளம்பிட்டேன், உங்க சித்தப்பா ட்ராக்டர நேர்லயே பாத்தாச்சு. சித்தி மோர் கொடுத்தாங்க, உன்ன நல்லா திட்டினாங்க, ரெண்டு வருஷமா எட்டிப் பாக்கலையாமே.

சரி, அந்த செகப்பு ட்ராக்டர் மாஸி ஃபெர்குசனா, அதுல இருக்குறது யார் இன்ஜின்னு கேட்டியே, அதுக்கு வரேன். அது மாஸி இல்லடா. செகப்பு பெயிண்ட் யாரோ பின்னாடி அடிச்சது. மட்கார்டு ஓரத்துல பேந்திருக்குற எடத்துல அடியில சாம்பல் கலர் தெரியுது, டேஷ்ல இருக்குற தகட்ட மண்ணெண்ண தொட்டுத் தொடச்சா டி.இ.டி 20ன்னு தெளிவா எழுந்து வருது. அப்ப அது வெறும் ஃபெர்குசன். இங்கிலாந்துல கவென்ட்ரியில ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1946லேர்ந்து 1956 வரைக்கும் செஞ்ச வண்டி, நம்ம வண்டலூர்ல ஹெரால்டு கார் போட்டாங்களே, அதுக்கு இங்கிலாந்து தாய்க் கம்பெனி இவங்கதான். மாஸி ஃபெர்குசன்ங்கற பேரே 1958லதான் வந்துது. கியர் லீவர ‘எஸ்’ பக்கம் தள்ளினாதான் ஸ்டார்ட்டர் சுத்தும், தனியா சாவி கிடையாது, அதப் பாத்ததும் எனக்கு ஒரே குஷி.

இப்பதான் விஷயமே. டி.இ.டின்னா மண்ணெண்ணயில ஓடுறது. பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி சூடானப்புறம் மண்ணெண்ணைக்கு மாத்தணும், அதனாலதான் டேங்க்ல ரெண்டு மூடி இன்னும் அப்படியே இருக்கு. அதுக்கு வர வேண்டியது நாலு சிலிண்டர் இன்ஜின், 85 எம்எம் போர், அதாவது சிலிண்டர் ஓட்டையோட அகலம். 1951ல கம்பெனியே டீசல் மாடல் ஒண்ணு விட்டான், டி.இ.எஃப் 20, அதுவும் நாலு சிலிண்டர்தான். ஆனா உங்க சித்தப்பா வண்டியில இன்ஜெக்டர் எண்ணிப் பாரு, சிலிண்டருக்கு ஒண்ணுன்னு டீசல் பீச்சுறது அதுதான், மூணே மூணு! ஊர் மெக்கானிக் இது படகு இன்ஜின்னு அடிச்சு சொல்றான், உங்க சித்தப்பாவோட பேரன் பிளாக்ல எழும்பி நிக்கிற நம்பர நெட்ல தேடிட்டு லாரி இன்ஜின்ங்கறான். எழும்பி நிக்கிறது வார்ப்பு நம்பர்டா, அது அந்த அச்சோட நம்பர், ஒரே அச்சுல ஆயிரம் பிளாக் வார்ப்பான். இன்ஜின் நம்பர்ங்கறது உளியால அடிச்ச மாதிரி குழிஞ்சு இருக்கும்.

எனக்குப் பாத்த ஒடனே பெர்கின்ஸ் வாடைதான் அடிச்சுது, இங்கிலாந்து டீசல் இன்ஜின் கம்பெனி. ஃபெர்குசனுக்குன்னே பி3ங்கற மூணு சிலிண்டர் டீசல் இன்ஜின போட்டு மாத்துறதுக்கு வேண்டிய சாமான் செட்ட இங்கிலாந்துல பெர்கின்ஸே வித்தான். மண்ணெண்ண வண்டியில ஒரு தொல்லை, இன்ஜின் சரியா சூடாகலன்னா எரியாத மண்ணெண்ண பிஸ்டன் ரிங்க தாண்டி எறங்கி ஆயில்ல கலந்துடும், பேரிங் போயிடும், அதனால டீசலுக்கு மாத்தினவங்க நெறைய. ஆனா மாத்துறது சும்மா இல்ல. ஃபெர்குசனுக்கு சேசிஸே கிடையாது, இன்ஜின்தான் முதுகெலும்பு, முன் ஆக்ஸில் நேரா இன்ஜின்லயே தொங்குது, இன்ஜின கழட்டினா வண்டி ரெண்டா பிரிஞ்சிடும். அதனால புது இன்ஜினுக்கும் கிளட்ச் ஹவுசிங்குக்கும் நடுவுல ஒரு தகடு வச்சு சேக்கணும். நான் தரையில படுத்து டார்ச் அடிச்சுப் பாத்தேன், வெரல் தடிமனுக்கு ஒரு ப்ளேட், ஓரமெல்லாம் மெஷின்ல கடைஞ்சு வழவழன்னு இருக்கு, கேஸ் கட்டிங் தடம் எங்கயும் இல்ல, அப்ப அது கம்பெனி செட்ல வந்ததுன்னுதான் தோணுது. பானெட்ட மட்டும் ஆங்கிள் துண்டு வச்சு தூக்கியிருக்கான், அது நம்ம ஊர் வெல்டிங்தான், சந்தேகமே வேணாம்.

பெர்கின்ஸ்லயும் ரெண்டு இருக்கு. பழைய பி3 144 கன இன்ச், பின்னாடி வந்தது 152. ரெண்டுக்கும் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி எறங்குற தூரம், 127 எம்எம்தான், போர் மட்டும் 144க்கு 88.9, 152க்கு 91.4. வெளியில இருந்து பாத்து எனக்குப் பிரிச்சு சொல்லத் தெரியல. நல்ல வேளையா அந்த மெக்கானிக் சிலிண்டர மூடியிருக்குற ஹெட்ட கழட்டிப் போட்டுட்டுப் போயிருந்தான். போர் உள்ள நடுவுல அளக்கக் கூடாது, ரிங் ஓடி ஓடி தேஞ்சிருக்கும். மேல ரிங் எட்டாத ஒரு சின்ன விளிம்பு தேயாம நிக்கும், கரிய சொரண்டிட்டு அங்க வெர்னியர் அளவுகோல் வச்சேன், 89 எம்எம். அப்ப 144தான்.

இன்ஜின் உச்சியில இருக்குற ராக்கர் கவர்ல சிம்ப்சன் தகடு இருக்கு. நம்ம செம்பியம் சிம்ப்சன்! எங்க வீட்லேர்ந்து கூப்பிடு தூரம். பெர்கின்ஸ் லைசென்ஸ்ல அவங்க இங்க டீசல் இன்ஜின் போட ஆரம்பிச்சது அம்பதுகள்ல. ஆனா கவர்ல பேர் இருந்தா கவர் அவங்களோடதுன்னுதான் அர்த்தம், பிளாக் பெர்கின்ஸோட ஊரான பீட்டர்பரோவுலேர்ந்து வந்ததா செம்பியத்துலேர்ந்து வந்ததான்னு குழிஞ்ச நம்பர்தான் சொல்லும், அது மேல மூணு கோட் பெயிண்ட் ஏறி கெடக்கு. சித்தப்பா கிட்ட சொல்லி பெயிண்ட் ரிமூவர் தடவி, பித்தள பிரஷ்ல தேய்க்கச் சொல்லு. உளி வேணாம், கிரைண்டர் வேணவே வேணாம்.

ஒரிஜினல் ஸ்டாண்டர்டு இன்ஜின் தேடிப் போடலாமான்னு கேட்டிருந்த. வேணாம்டா. கண்காட்சிக்கு நிக்கிற வண்டியா அது? அந்த இன்ஜினுக்கு சாமான் எவன் கிட்ட போய் கேப்ப? இந்த மூணு சிலிண்டரோட வம்சம் டாஃபே 1035 ட்ராக்டர் வரைக்கும் வந்திருக்கு, மெட்ராஸ் ஜி.பி. ரோட் ஸ்பேர் கடைங்கள்ல ரிங் செட், கேஸ்கட்டுன்னு கேட்டா கெடைக்கும். ஆனா ட்ராக்டர் பேர சொல்லிக் கேக்காத, ஃபெர்குசன்னு சொன்னா வேற எதையாவது கட்டிக் கொடுத்துடுவான். பழைய கேஸ்கட்ட குப்பையில போடாம எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன், அத புதுசு மேல வச்சு ஓட்டைக்கு ஓட்டை பொருந்துதான்னு பாத்துட்டு வாங்குவோம்.

நம்பர் தெரிஞ்சதும் போட்டோ அனுப்பச் சொல்லு, நான் அடுத்த வாரம் கடைக்குப் போறேன். அப்புறம், உன் மச்சானுக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் திருப்பூர்ல இருக்கான்னியே, ஜாதகம் இருந்தா அதையும் சேத்து அனுப்பு.

உன்
பாஸ்கர்