படிப்பகக் கம்ப்யூட்டர்களுக்கு இன்னும் 22,000 ரூபாய் தேவை

போன மாதம் ஒரு சாயங்காலம், நம் படிப்பகத்தில் ஜன்னல் ஓரக் கம்ப்யூட்டரில் ஒரு பெண் அரசுத் தேர்வுக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தாள். பெயர், முகவரி, மதிப்பெண் எல்லாம் அடித்து முடித்தாயிற்று, போட்டோ ஏற்றும் பக்கம் வந்ததும் திரை வெள்ளையாக நின்றுவிட்டது. மூன்று தடவை முதலிலிருந்து அடித்தும் அதே கதைதான், கடைசித் தேதி வேறு. பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிரவுசிங் சென்டருக்கு ஓடிப்போய் எண்பது ரூபாய் கொடுத்து முடித்துவிட்டு வந்தாள். அந்த எண்பது ரூபாய் செலவாகக் கூடாது என்றுதானே படிப்பகத்தில் கம்ப்யூட்டர் வைத்தோம்?

மெஷின் கெட்டுப்போகவில்லை. அதில் இருப்பது விண்டோஸ் 7, அதற்குப் பாதுகாப்பு அப்டேட் தருவதை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் நிறுத்திவிட்டது. அதில் ஓடும் கடைசி குரோம் 109ஆம் பதிப்பு, 2023 தொடக்கத்தோடு சரி. "குரோமை அப்டேட் பண்ணினால் போதுமே" என்று நிறைய பேர் சொல்கிறீர்கள். பண்ணத்தான் பார்த்தோம், சிஸ்டம் பழசு என்று சொல்லி அதுவே ஏற மறுக்கிறது. இணையதளம் கட்டுகிறவர்கள் புது பிரவுசரை மனதில் வைத்துத்தான் கட்டுகிறார்கள், அதனால் மாதத்துக்கு ஒரு பக்கம் நம் மெஷின்களில் திறக்காமல் போகிறது.

சரி, விண்டோஸ் 10 போடலாமா? அதற்கும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 என்றால் இன்டெல் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். நம்மிடம் இருப்பதில் மேலானதே மூன்றாம் தலைமுறை ஐ3. ஒரு கடைக்காரர், இதையெல்லாம் பார்க்கும் விண்டோஸ் 11இன் சோதனையைத் தாண்டி ஏற்றித் தருகிறேன், லைசென்ஸ் எல்லாம் கேட்காதீர்கள், மெஷினுக்கு ஐந்நூறு என்றார். ஊர்ப் பிள்ளைகள் ஆதார் எண் அடிக்கும் மெஷினில் எங்கிருந்து வந்தது என்றே தெரியாத சிடியைப் போட எங்களுக்கு மனசு வரவில்லை.

அதனால் விண்டோஸுக்குப் பதிலாக, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் என்ற சிஸ்டம். பேச்சோடு நிற்காமல் ஒரு மெஷினில் செய்தே பார்த்துவிட்டோம். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க்கை மாட்டி, லினக்ஸில் ஒரு வகையான மின்ட் 22இன் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான பதிப்பை ஏற்றினோம். இதற்கு 2029 வரை அப்டேட் வரும், ஃபயர்பாக்ஸ் பிரவுசரும் கூடவே புதுப்பித்துக்கொள்ளும். முன்பு சுவிட்ச் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம், இப்போது நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் தயாராகிவிடுகிறது. தமிழ்99 கீபோர்டு முறை, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாகும் தமிங்கில முறை இரண்டிலும் அடிக்கலாம். நூல் பட்டியலைப் பத்து வருஷத்துக்கு முன்னால் யாரோ பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருக்கிறார்கள், அதை எல்லா மெஷினிலும் தெரியும் யூனிகோடுக்கு மாற்றுவது தனி வேலை, அதற்குப் பணம் வேண்டாம், பொறுமை உள்ள இரண்டு பேர் வேண்டும்.

ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறோம். மூலையில் இருக்கும் மெஷினில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் "இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்றே வந்தது. இரண்டு வாரம் நெட் கனெக்‌ஷன்காரரைத் திட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் பார்த்தால் மெஷினில் தேதி 2012 ஜனவரி 1. போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்து, ஒவ்வொரு தடவை அணைத்துப் போடும்போதும் தேதி பின்னால் போயிருக்கிறது. ஒவ்வொரு தளமும் தான் உண்மையானது என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு, 2012இல் இருக்கும் மெஷினுக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. நாற்பது ரூபாய் பேட்டரியில் தீர்ந்தது. நெட்காரரிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று.

இருக்கும் பதினொரு மெஷினில் இரண்டு, 32 பிட் என்ற பழைய வகை, ராம் (நினைவகம்) 1 ஜிபிதான். அவற்றில் காசு போடுவது வீண், கழித்துவிடுகிறோம். மீதி ஒன்பதில் மூன்று, படிப்பு முடித்த பிள்ளைகள் கொடுத்துவிட்டுப் போன அரசு விலையில்லா மடிக்கணினிகள். அவற்றில் விண்டோஸோடு மத்திய அரசின் கம்ப்யூட்டர் ஆய்வு மையமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் போட்டே கொடுத்திருந்தார்கள், திறந்து பார்த்தவர்கள்தான் குறைவு. ஆகவே லினக்ஸ் நம் ஊருக்குப் புதுசு என்று யாரும் பயப்பட வேண்டாம்.

செலவுக் கணக்கு இதுதான். ஒன்பது எஸ்எஸ்டி, ஒன்று 2,000 வீதம் 18,000 (சோதனை மெஷினில் இருப்பது ஒருவர் கடனாகக் கொடுத்தது, அதைத் திருப்பித் தர வேண்டும்). ஆறு மெஷினுக்குக் கூடுதல் ராம், ஒன்று 700 வீதம் 4,200. ஐந்து காசு பேட்டரி 200. பென்டிரைவ் இரண்டு 800. எல்லாவற்றையும் நகல் எடுத்து வைக்க வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று 5,000. மொத்தம் 28,200, கையிருப்பு 6,200. எஸ்எஸ்டி விலை ஏறிக்கொண்டிருப்பதால் கடைக்காரர் இந்த விலைக்கு மாதக் கடைசி வரைதான் நேரம் கொடுத்திருக்கிறார். மாட்டுகிற கூலி கிடையாது, கமிட்டிப் பசங்களே செய்கிறார்கள். புது கம்ப்யூட்டர் என்று போனால் இந்தத் தொகைக்கு ஒன்று வாங்குவதே கஷ்டம்.

எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை. டேலி, போட்டோஷாப் பழகுகிறவர்களுக்கு லினக்ஸ் ஒத்துவராது. அவர்களுக்காக ஒரு மெஷினை விண்டோஸ் 7இலேயே, நெட் வயரைப் பிடுங்கிவிட்டு வைக்கிறோம். பழைய டிஸ்க்கையே அதற்கு விட்டால் திடீரென்று நின்றுவிடும், அதனால்தான் எஸ்எஸ்டி அதற்கும் சேர்த்து.

நூறு ரூபாயும் பெரிய தொகைதான். பொருளாளரிடம் நேரில் கொடுத்தால் உடனே ரசீது, மேசையில் கியூஆர் அட்டையும் இருக்கிறது. வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டார் மூலம் கொடுத்துவிடுங்கள். வருமான வரி விலக்குக்கான சான்று எங்களால் தர முடியாது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். வாங்கும் ஒவ்வொரு பொருளின் பில்லும் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும். பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரை மட்டும் தயவுசெய்து கொண்டுவராதீர்கள், வைக்க இடமில்லை. டிடிஆர்3 ராம் மட்டும் இருந்தால் கழற்றிக் கொடுங்கள், அந்த அளவுக்குச் செலவு குறையும்.

அப்புறம், டிஸ்க்குகளை மாற்றுவதற்கு முன் உங்கள் கோப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். நான்காம் மெஷினில் டி டிரைவில் "புது ஃபோல்டர் 3" என்று யாருடைய கல்யாண ஆல்பமோ 14 ஜிபி கிடக்கிறது. மாப்பிள்ளையை எங்களில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. உரியவர் பென்டிரைவோடு வரவும்.

— படிப்பகக் கமிட்டி