ஆறு பேருக்கும் அந்த வகுப்பு வேண்டும்: தொடக்கக்கல்லூரி முதல்வருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கும் பாடத் தேர்வைக் கவனிக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். உங்கள் கல்லூரியில் இவ்வாண்டு சேர்ந்திருக்கும் மாணவி ஒருத்தியின் தாய் நான். சென்ற வாரம் வந்த மின்னஞ்சலைப் பற்றித்தான் எழுதுகிறேன். சிங்கப்பூர் ஏ நிலைத் தேர்வுக்கு எச்2 என்னும் முழுப் பாடமாகப் படிக்கும் 'ஆங்கில மொழி, மொழியியல்' பாடத்துக்கு ஆறு பேர்தான் பெயர் கொடுத்திருக்கிறார்கள், ஆகவே வகுப்பு நடக்காது, வெள்ளிக்கிழமைக்குள் வேறு பாடம் எடுங்கள் என்று நான்கே வரியில் முடித்திருந்தீர்கள். எத்தனை பேர் இருந்தால் நடத்துவீர்கள் என்றுகூட அதில் இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த ஆறு பேருக்கும் வகுப்பைத் தொடங்குங்கள். உங்களால் இயலாதென்றால், இந்தப் பாடத்தை நடத்தும் வேறொரு கல்லூரியோடு பேசி, பிள்ளைகள் அங்கே போய்ப் படிக்க வழி செய்யுங்கள்.

உயர்நிலைப்பள்ளி முடிவில் எழுதும் ஓ நிலைத் தேர்வின் முடிவு வந்ததும் கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது சில நாள்தான். விண்ணப்பத்தில் 12 இடங்களை வரிசைப்படுத்தலாம். என் மகள் உங்கள் கல்லூரியை முதலாவதாகப் போட்டதற்கு ஒரே காரணம், ஓப்பன் ஹவுஸில் நீங்கள் கொடுத்த கையேட்டில் இந்தப் பாடத்தின் பெயர் இருந்தது. உட்லண்ட்ஸில் இருக்கும் எங்களுக்குப் பக்கத்திலேயே வேறு கல்லூரி உண்டு. அதை விட்டுவிட்டு, காலை ஐந்து மணிக்கு எழுந்து, எம்ஆர்டி, பேருந்து என்று ஒன்றேகால் மணி நேரம் பயணம் செய்து உங்களிடம் வருகிறாள். 'போதிய மாணவர்கள் சேர்ந்தால் மட்டுமே' என்று ஒரு வரி அந்தக் கையேட்டில் இருந்திருந்தால் நாங்கள் வேறு மாதிரி முடிவெடுத்திருப்போம்.

தொலைபேசியில் அழைத்தபோது உங்கள் அலுவலர் மரியாதையாகத்தான் பேசினார். "இரண்டும் ஆங்கிலம்தானே மேடம், இலக்கியத்துக்கு மாறச் சொல்லுங்கள். எப்படியும் ஜிபி வேறு எல்லாரும் எடுக்கிறார்கள்" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இரண்டும் ஒன்றல்ல என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஜிபி என்னும் பொதுத்தாள் (General Paper) நாட்டு நடப்பையும் உலக நடப்பையும் பற்றிக் கட்டுரை எழுதவும், படித்ததைப் புரிந்துகொண்டு பதில் சொல்லவும் உள்ள தாள். இலக்கியம் கவிதையையும் நாடகத்தையும் கதையையும் வரி வரியாகப் படிக்கக் கற்றுத் தருவது. மொழியியலோ மனிதர்கள் மொழியை எப்படிப் புழங்குகிறார்கள், அது எப்படி மாறுகிறது, யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள், ஏன் என்று ஆராய்வது. விளம்பரமும் வாட்ஸ்அப் செய்தியும் காப்பிக் கடைப் பேச்சும் அதற்குப் பாடம். 2009லிருந்து நம் நாட்டில் இருக்கும் இந்தப் பாடத்தை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் 'இன்னோர் ஆங்கிலம்' என்று ஒரு கல்லூரியே சொல்லலாமா?

என் மகளிடம் நீல அட்டை போட்ட ஒரு குறிப்பேடு இருக்கிறது. உயர்நிலை இரண்டில் தொடங்கியது. எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் கடையை எல்லாரும் 'மாமா ஷாப்' என்கிறார்களே, அது நம் 'மாமா'தானே என்று ஒரு நாள் கேட்டாள். அப்புறம் நேரே கடைக்குப் போய், "சீனப் பாட்டியும் உங்களை மாமா என்றுதானே கூப்பிடுகிறார், உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்று கடைக்காரரிடமே கேட்டிருக்கிறாள். "என் பேரே அதுதான்னு நெனச்சிருக்காங்கம்மா" என்றாராம் அவர். அதைத் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள். அடுத்த பக்கத்தில், மலாய்க்காரர் சொல்லும் 'கெடாய்' நம் 'கடை', 'கப்பால்' நம் 'கப்பல்' என்று இரண்டு பத்தி. என் மாமியாரிடம் நான் பேசும் தமிழையும், அலுவலகத் தொலைபேசியில் நான் பேசும் ஆங்கிலத்தையும், ஈரச்சந்தையில் நான் பேசும் சிங்கிலிஷையும் தனித்தனியாகக் குறித்திருக்கிறாள். அதைப் படித்தபோதுதான் நான் மூன்று குரலில் பேசுகிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது. இந்தப் பிள்ளையைப் பார்த்து எந்த ஆங்கிலம் படித்தால் என்ன என்கிறீர்கள்.

குறைந்த பேருக்காக வகுப்பு நடத்த முடியாது என்பதை மட்டும் தயவுசெய்து எங்களிடம் சொல்லாதீர்கள். நாங்கள் தமிழர்கள். அவள் படித்த உயர்நிலைப்பள்ளியில் தமிழ் கிடையாது. அதற்காக யாரும் அவளைத் தமிழை விடச் சொல்லவில்லை. பீட்டி ரோட்டில் உள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கு அனுப்பினார்கள். பள்ளி விட்டதும் சீருடையோடு கிளம்புவாள். ஒரு கையில் பன், ஒரு கையில் தமிழ்ப் புத்தகம். வெவ்வேறு பள்ளிப் பிள்ளைகள் அங்கே ஒன்றாக உட்கார்ந்து படித்தார்கள். நான்கு வருடமும் மழையோ வெயிலோ போனாள். ஒரு பள்ளியில் இரண்டு பேர், இன்னொன்றில் மூன்று பேர் என்றால் ஓரிடத்தில் சேர்த்து வைத்துப் பாடம் நடத்தலாம் என்று இந்த நாடு எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. அதையே இந்த ஆறு பேருக்கும் செய்யுங்கள் என்கிறேன்.

தலைகளை எண்ணியே பாடங்களை முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்தவர்கள்தாம். பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தத் தொடங்கிய 1992ல் ஓ நிலையில் ஆங்கில இலக்கியத்தை முழுப் பாடமாக எடுத்தவர்கள் ஏறக்குறைய 17,000 பேர். 2012ல் அது சுமார் 3,000. மதிப்பெண் வாங்குவது கடினம் என்று பள்ளியும் பயந்தது, பெற்றோரும் பயந்தோம். நானும் என் மூத்தவனை அப்படித்தான் புவியியலுக்கு மாற்றினேன். அவன் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறான். பயந்து பயந்து ஆள் குறைகிறது, ஆள் குறைந்ததால் வகுப்பு மூடுகிறது, வகுப்பு மூடியதால் அடுத்த வருடம் கேட்கவே ஆள் இல்லை. அப்புறம் பிள்ளைகளுக்கு இதில் ஆர்வமில்லை என்று நாமே பேசிக்கொள்கிறோம்.

அதுவும் இந்த வருடங்களில் எச்2 பாடம் ஒவ்வொன்றும் முன்னைவிடக் கனமானது. பல்கலைக்கழகச் சேர்க்கைப் புள்ளிகள் இப்போது 70க்குத்தான் கணக்கிடப்படுகின்றன. அதில் 60 மூன்று எச்2 பாடங்களுக்கு. மீதி பத்து ஜிபிக்கு. பிடிக்காத ஒன்றை அந்த மூன்றில் ஒன்றாக அவள்மேல் ஏற்றினால், இரண்டு வருடமும் அவள்தானே சுமக்க வேண்டும்?

கொஞ்சம் கோபமாக எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும். உங்களுக்கு ஆசிரியர் பற்றாக்குறை இருக்கலாம், கால அட்டவணைச் சிக்கல் இருக்கலாம். அதை எங்களிடம் சொல்லுங்கள், உட்கார்ந்து பேசுவோம். மாலை நேரத்தில் நடத்தினாலும் சரி, வாரத்தில் இரண்டு நாள் வேறு கல்லூரிக்கு அனுப்பினாலும் சரி, என் மகள் வருவாள். மற்ற ஐந்து பேரில் மூவரின் பெற்றோரிடம் பேசினேன். அவர்களும் அதையே சொல்கிறார்கள். அடுத்த ஆண்டுக் கையேட்டிலாவது எது உறுதியாக நடக்கும், எது ஆள் சேர்ந்தால்தான் நடக்கும் என்று பிரித்து அச்சிடுங்கள்.

பாடத்தை மாற்றும் படிவம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மூடுகிறது. அவள் இன்னும் மாற்றவில்லை. தயவுசெய்து அதற்குள் ஒரு பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
முதலாண்டு மாணவி ஒருத்தியின் தாய்
உட்லண்ட்ஸ்