மாற்றி அனுப்பிய பெட்டியிலும் அதே 16 பக்கங்கள் இல்லை

பெறுநர்: குறைதீர் அலுவலர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பாத்திரமேற்று ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டின் அறிமுகப் பெட்டி, ரூ. 4,799. விதிநூலில் ஒரு பாரம் (சேர்த்துத் தைக்கும் 16 பக்கம்) இல்லாதது, தவறான டி20 டைஸ் (20 முகப் பகடை)

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நீங்கள் மாற்றி அனுப்பிய பெட்டி சனிக்கிழமை வந்தது. அதிலும் விதிநூலில் 80ஆம் பக்கத்துக்கு எதிரே மறுபடி 65 வருகிறது. 65–80 இரண்டு தடவை, அடுத்து நேராக 97. காணாமல் போனது சரியாக 16 பக்கம், அதாவது ஒரு பாரம். பைண்டிங்கில் 81–96 அடுக்க வேண்டிய இடத்தில் 65–80ஐ அடுக்கிவிட்டார்கள். அப்படி நடந்தால் அந்த அடுக்கில் தைத்த பிரதி எல்லாவற்றிலும் இதே கோளாறுதான் இருக்கும். அதனால்தான் வேறு பேட்ச்சிலிருந்து எடுத்து, பிரித்துப் பார்த்து அனுப்புங்கள் என்று முதல் மெயிலிலேயே கேட்டிருந்தேன். வந்த பெட்டியின் அடியில் அதே பேட்ச் எண்.

அந்தப் பக்கங்களில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். மந்திரவாதி பாத்திரத்தின் விவரத்தாளான கேரக்டர் ஷீட்டில் ஆறு மந்திரங்களின் பெயரும் பக்க எண்ணும் மட்டும்தான் உண்டு. எவ்வளவு தூரம் பாயும், எத்தனை சுற்று நிற்கும், எதிரி எதை உருட்டித் தப்பலாம் என்பதெல்லாம் காணாமல் போன பாரத்தில். மூன்றாவது காட்சியில் பாலத்தடியில் வரும் பூதத்தின் உயிர்ப்புள்ளியும் கவசமும் 93ஆம் பக்கத்தில். ஐந்து பேர் உட்கார்ந்த ஆட்டம் அங்கேயே நின்றது. பழகிய சிஸ்டம் (விதிமுறைத் தொகுப்பு) என்றால் ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் ஏதாவது ஒரு எண்ணை வைத்து ஒப்பேற்றுவார். புது சிஸ்டத்தில் பூதத்துக்கு 20 புள்ளி அதிகமா, 60 புள்ளி போதாதா என்று யாருக்குத் தெரியும்? அதைத் தெரிந்துகொள்ளத்தானே அறிமுகப் பெட்டியே வாங்குகிறோம்!

டைஸுக்கு வருகிறேன். பெட்டியில் உள்ள ஏழு டைஸில் பத்தின் இடத்துக்கான 00–90 டைஸ் இல்லை, பதிலுக்கு 0–9 இரண்டு இருக்கிறது. ஒன்றையே இரண்டு முறை உருட்டிக்கொள்ளலாம், அதை விடுங்கள். டி20தான் பெரிய குறை. வழக்கமான டி20யில் 20ஐச் சுற்றி 2, 8, 14 இருக்கும், எதிர்முகங்களைக் கூட்டினால் 21 வரும். நீங்கள் வைத்திருப்பதில் 20க்குப் பக்கத்தில் 19, அதற்குப் பக்கத்தில் 18. இது சீட்டு விளையாட்டில் உயிர் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வருவதற்கான டைஸ். பெரிய எண்கள் எல்லாம் ஒரே பக்கமாகக் குவிந்திருப்பதால், வார்ப்பில் கொஞ்சம் கனம் பிசகினாலும், கையை மெதுவாக விட்டாலும் ஆட்டம் ஒரு பக்கம் சாயும்.

இதை மூன்றாவது அழைப்பில் உங்கள் ஊழியரிடம் விளக்கினேன். “டைஸ்னா டைஸ்தானே சார், தாயக்கட்டைய உருட்டி ஆடுங்க” என்றார். நான்கு முகத் தாயக்கட்டையில் 20 எப்படி விழும்? விதிநூலுக்கோ, “நெட்டுல சும்மாவே கிடைக்கும், டவுன்லோடு பண்ணிக்கோங்க” என்றார். விற்கிற நிறுவனமே திருட்டுப் பிரதியைத் தேடச் சொல்கிறது! அதற்கு முந்தைய அழைப்பில் அன்பாக்சிங் வீடியோ கேட்டார்கள். பெட்டியைப் பிரித்த பிறகு வாடிக்கையாளர் புத்தகத்துக்குள் 65–80ஐத் தைத்து வைக்க முடியுமா?

நேரில் வந்தால் கையோடு மாற்றித் தருவதாகச் சொன்னதும் அதே ஊழியர்தான். தாம்பரத்திலிருந்து அம்பத்தூர் கிடங்கு வரை பெட்டியைச் சுமந்து வந்தால், வாசலிலேயே “ஸ்டாக் எடுக்கிறோம், திங்கட்கிழமை வாங்க”. முழு நாளும் பாழ். தாயக்கட்டை என்ற அந்தச் சொல்லை இன்னும் மறக்க முடியவில்லை.

உங்கள் நிறுவனத்தோடு சண்டை போடும் எண்ணம் இல்லை. நல்ல விளையாட்டுகளை இறக்குமதி செய்து தருகிறீர்கள் என்ற மரியாதை உண்டு. ஆனால் 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்தில் ஒப்புதல் தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். 39 நாள் ஆகிவிட்டது. ஏழு நாளுக்குள் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். இந்த விலைக்கு அங்கே கட்டணமும் கிடையாது. ஐந்து பேருடைய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் சேர்த்து ரூ. 25,000 இழப்பீடு கேட்பேன்.

தயவுசெய்து வேறு பேட்ச் விதிநூல் ஒன்று, முறையான டி20 ஒன்று, 00–90 டைஸ் ஒன்று அனுப்புங்கள். விதிநூலில் 80க்கு எதிரே 81 இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பெட்டியை ஒட்டுங்கள். அதுவரை 81–96 பக்கங்களின் பிடிஎஃபை மட்டுமாவது இன்றே மெயிலில் அனுப்பினால், வரும் ஞாயிறு பாலத்தடியிலிருந்து ஆட்டத்தைத் தொடர்வோம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், இரண்டு பெட்டிகளின் பேட்ச் எண் படங்கள், 80–65 பக்கப் படம், டி20 படம்